பலகையைச் சாய்த்து உராய்வை அளப்பது எப்படி?

எடை கூடினால் உராய்வு கூடும், சரிதான். தொடும் பரப்பு கூடினாலும் உராய்வு கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட அளந்து பார்ப்பது நல்லது.

ஒரு மீட்டர் நீளப் பலகை, செங்கல் வடிவில் ஒரே அளவு மரக்கட்டைகள் இரண்டு, இஞ்ச் டேப், உப்புத்தாள், மெழுகுவர்த்தி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையையும் கட்டைகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். கைப்பிசுக்கு இருந்தாலே அளவு மாறிவிடும்.

படி 1: பலகையின் கீழ்முனையைச் சுவரில் முட்டுக் கொடுங்கள். மேல்முனைக்கு அருகில் கட்டையைப் படுக்கவைத்து, அந்த முனையை மெதுவாக உயர்த்துங்கள். கட்டை நழுவத் தொடங்கியதும் நிறுத்தி, மேல்முனையின் உயரத்தையும், அதற்கு நேர்கீழே இருந்து கீழ்முனை வரையுள்ள தூரத்தையும் அளங்கள். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் நிலை உராய்வுக் குணகம், அதாவது நழுவத் தொடங்கும் நேரத்தில் உராய்வு விசை, கட்டை பலகையை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு என்று சொல்லும் எண். உயரம் 40 செ.மீ., தூரம் 92 செ.மீ. என்றால் சுமார் 0.43. சில முறை செய்து சராசரி எடுங்கள்.

படி 2: கட்டையைக் குறுகிய பக்கத்தில் நிறுத்தி அதையே செய்யுங்கள். கட்டை நழுவாமல் கவிழ்ந்தால், அதைவிட உயரம் குறைந்த பக்கத்தில் வையுங்கள். குணகம் ஏறக்குறைய அதேதான் வரும். கண்ணுக்கு முழுப் பரப்பும் ஒட்டியிருப்பதுபோலத் தெரிந்தாலும், உண்மையில் நுண்ணிய மேடுகளின் நுனிகள் மட்டுமே தொடுகின்றன. பரப்பு குறைந்தால் அதே எடை குறைந்த இடத்தில் இறங்கி, அந்த நுனிகளை இன்னும் அழுத்தமாகத் தொடவைக்கிறது. கணக்கு சமனாகிவிடுகிறது. 1699-இல் பிரெஞ்சு அறிஞர் அமோன்டான் வெளியிட்ட விதிகளில் இதுவும் ஒன்று. ரப்பர் போன்ற மென்மையான பொருள்களுக்கு இது துல்லியமாகப் பொருந்தாது.

படி 3: ஒரு கட்டைமேல் இன்னொன்றை இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். எடை இரட்டிப்பாகியும் சாய்வு மாறாது! உராய்வு விசை இரட்டிப்பானது உண்மைதான். கீழே இழுக்கும் விசையும் கூடவே இரட்டிப்பாகிவிட்டது. சமதளத்தில் ரப்பர் பேண்ட் மாட்டி இழுத்துப் பாருங்கள், இரண்டு கட்டைகளுக்கு அது நன்றாகவே நீளும்.

படி 4: பலகையில் உப்புத்தாளை ஒட்டினால் சாய்வு கூடும். அதை எடுத்துவிட்டுப் பலகையில் மெழுகு தேய்த்தால் குறையும். இழுப்பறை சிக்கினால் தச்சர்கள் மெழுகோ சோப்போ தேய்ப்பது இதற்காகத்தான். மெழுகு துடைத்தாலும் முழுதாகப் போகாது, அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.