வேப்பம்பூவைக் கூட்டி எறியாதீர்கள், வடகம் போடலாம்

பங்குனி, சித்திரையில் முற்றம் முழுக்கக் கொட்டிக் கிடக்கும் வேப்பம்பூவைக் கூட்டிக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவ்வளவும் வடகத்துக்கான பூ.

கொப்பை உலுப்ப வேண்டாம், பிஞ்சும் இலையும் சேர்ந்து விழும். இரவு படுக்கப் போகும் முன் மரத்தின் கீழ் பழைய சேலையை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டால், விடியச் சேலையோடு சுருட்டி எடுக்கலாம். சுளகில் பரப்பிச் சருகையும் காம்பையும் கையால் பொறுக்குங்கள். புடைக்கப் போனால் பூவும் பறந்துவிடும் (ஒரு வருடம் பாதிப் பூவை அப்படித்தான் பக்கத்து வளவுக்கு அனுப்பினேன்). பிறகு ஒரு பகல் வெயிலில் காயட்டும்.

ஒரு சுண்டு (அளக்கும் பேணி) உளுந்துக்கு இரண்டு சுண்டு பூ. உளுந்தை 4 மணித்தியாலம் ஊறவிட்டு, தண்ணீரை ஒட்ட வடித்து, வடைக்கு அரைப்பதை விட இறுக்கமாக அரையுங்கள். கிரைண்டர் சுற்றவில்லை என்று தண்ணீர் ஊற்றினால் போச்சு, உருண்டை நிற்காது, பொரிக்கும்போது எண்ணெயும் குடிக்கும். நிற்பாட்டி, கரண்டியால் கிளறிவிட்டு மறுபடி போடுங்கள். அதோடு பூ, இடித்த செத்தல் மிளகாய் 10, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, உப்பு. உப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள், காயக் காயத் தூக்கும்.

சின்னத் தேசிக்காய் அளவில் உருட்டி, தட்டையாக அமத்துங்கள். தடிப்பாக விட்டால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பிறகு போத்தலைத் திறந்தால் பூஞ்சணம்தான். நல்ல வெயில் என்றால் மூன்று நாலு நாள், இரண்டாம் நாள் புரட்டிவிட வேண்டும், பின்னேரம் மறக்காமல் உள்ளே எடுக்க வேண்டும். காகத்துக்கு மேலே ஒரு வலை. சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கத் தொடங்கும் முன் வேலையை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வடகத்தில் மணலும் கடிபடும்.

ஒன்றை உடைத்துப் பாருங்கள்: டக்கென்று முறிந்தால் சரி, நசிந்தால் இன்னொரு நாள் வெயில்.

பொரிக்கும்போது நெருப்பைக் குறைத்து வையுங்கள், பூ சட்டென்று கருகிக் கைப்பு ஏறிவிடும். எனக்குச் சோறும் புளிக்குழம்பும் இருந்தால் ஐந்தாறு வடகம் காணும், வேறு கறி தேவையில்லை.