வடசென்னையிலிருந்து நரம்பியல் ஆய்வுக்குச் செல்வது எப்படி?

மறதிநோய், பார்க்கின்சன் போன்ற நரம்புச் சிதைவு நோய்களை ஆராய விரும்பும் மருத்துவ மாணவர்கள், எந்த ஆய்வகத்தில் இடம் கிடைக்கும் என்றே முதலில் கேட்கிறார்கள். நான் அவர்களை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்கிறேன். நோயாளி சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே அதில் எழுதிப் பழகுங்கள். 1901-இல் பிராங்க்பர்ட்டில் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், நினைவு தடுமாறிய அகஸ்தே என்ற 51 வயதுப் பெண்மணியிடம் தாம் கேட்ட கேள்விகளையும் அவர் அளித்த பதில்களையும் அப்படியே எழுதி வைத்தார். 1906-இல் அகஸ்தே இறந்த பிறகு அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது தெரிந்த மாற்றங்களுக்குப் பொருள் தந்தவை அந்தக் குறிப்புகளே.

என் பயிற்சிக் காலத்தில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். காசிமேட்டிலிருந்து வந்த முதிய மீனவர் ஒருவருக்கு, நினைவையும் சிந்தனையையும் அளக்கும், 30 மதிப்பெண் கொண்ட எம்எம்எஸ்இ சோதனையை வைத்தேன். தேதி கேட்டதற்கு, "அம்மாசை போயி நாலு நாளு" என்றார். நான் சுழியம் போட்டேன். ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னபோது, பென்சிலை உள்ளங்கையில் இறுகப் பிடித்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்; அதற்கும் சுழியம். அன்று அமாவாசை கழிந்து நான்காம் நாள்தான் என்பதை வீட்டுக்குப் போய் நாட்காட்டியைப் பார்த்த பிறகே அறிந்தேன். அவருடைய மகளோ கிளம்பும்போது, "ஐஸுக்குக் குடுத்த காசையே மறுக்கா மறுக்கா குடுக்கிறாரு, அதான் பயமா கீது சார்" என்று சொல்லியிருந்தார். நோயின் அடையாளம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருந்தது. என் படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

ஆகவே, சோதனைத் தாளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் மேரி கங்குலி குழுவினர் 1995-இல் வெளியிட்ட இந்திச் சோதனையில், பள்ளிக்குச் செல்லாதவர்களுக்காக, எழுத வேண்டிய வாக்கியத்துக்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுமாறு கேட்டார்கள். கழித்தல் கணக்குக்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொன்னார்கள். நீங்களும் ஒவ்வொரு கேள்வியையும் இப்படி எடை போடுங்கள். பிறகு, அதே வயதும் அதே படிப்பும் உள்ள நலமானவர்களிடம் முதலில் கேட்டுப் பார்த்து, அவர்களுடைய மதிப்பெண்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்த ஆய்வை நான் நம்புவதில்லை.

ஆய்வுக் கேள்வியையும் தெருவிலிருந்தே எடுக்கலாம். நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத்தில் மறதிநோயாளிகள் 648 பேரின் விவரங்களை ஆராய்ந்து, ஒரு மொழி மட்டும் பேசுபவர்களைவிட ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியதை 2013-இல் வெளியிட்டார்கள். எழுத்தறியாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. தமிழும் தெலுங்கும் உருதுவும் இந்தியும் ஒரே கடைவாசலில் கலக்கும் வண்ணாரப்பேட்டையிலும் சௌகார்பேட்டையிலும் வளர்ந்தவருக்கு இதைவிட நெருக்கமான கேள்வி எது?

படிப்பின் வழி தெளிவானது: எம்பிபிஎஸ், மூன்று ஆண்டு எம்டி, நீட் எஸ்எஸ் தேர்வு, மூன்று ஆண்டு டிஎம் நரம்பியல். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) குறுகிய கால ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வருவதற்கு முன் ஒருவரிடமும் தரவு எடுக்காதீர்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். முடிவெடுக்கும் திறனை நோய் பறித்திருந்தால் சட்டப்படி அவர் சார்பில் முடிவெடுக்கக்கூடிய உறவினர் ஒப்புதல் தரலாம். அப்போதும் நோயாளி முகம் சுளித்தால் நிறுத்திவிடுங்கள்.

இந்நோய்கள் மெதுவாக நகர்பவை என்பதால், அதே மனிதரை ஆண்டுதோறும் பார்ப்பதே உண்மையான ஆய்வு. வாடகை வீடு மாறும், கைபேசி எண்ணும் மாறும். எனவே முதல் நாளிலேயே மகள், மருமகன், பக்கத்து வீட்டுக்காரர் என மூவரின் எண்களை அவர்கள் சம்மதத்துடன் வாங்கி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.