டெக்சாஸ் காருக்கு வெளிமாநிலக் கல்லூரியின் நம்பர் பிளேட்: வாங்குவது எப்படி?

டெக்சாஸில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர் எம்.எஸ். படித்தது வேறு மாநிலத்தில். ஓக்லஹோமா ஸ்டேட், கேன்சஸ் ஸ்டேட், எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) என்று எங்கெங்கோ படித்துவிட்டு டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் குடியேறியிருப்பார்கள். படித்த கல்லூரியின் சின்னம் காரில் இருக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருப்பது இயல்பு. பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவதோடு நிறுத்த வேண்டியதில்லை. டெக்சாஸ் அரசு தரும் நம்பர் பிளேட்டிலேயே அந்தச் சின்னத்தை வாங்க முடியும். முதல்முறை வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில்: கார் எந்த மாநிலத்தில் பதிவாகியிருக்கிறது?

கார் எந்த மாநிலத்தில் பதிவாகியிருக்கிறதோ, அந்த மாநிலம்தான் பிளேட் தரும். ஓக்லஹோமாவில் படித்தீர்கள் என்பதற்காக அங்கிருந்து பிளேட் வாங்கி டெக்சாஸ் காரில் மாட்ட முடியாது. புதிதாக டெக்சாஸுக்குக் குடிவந்தவர்கள் 30 நாளுக்குள் காரை இங்கே பதிவு செய்ய வேண்டும். அதை முடித்துவிட்டு சிறப்பு பிளேட் பற்றி யோசியுங்கள்.

அடுத்து: உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா?

டெக்சாஸில் சிறப்பு பிளேட்டுகள் இரண்டு வழியாகக் கிடைக்கின்றன. ஒன்று, டெக்சாஸ் டிஎம்வி, அதாவது மாநில அரசின் மோட்டார் வாகனத் துறை, நேரடியாகத் தருவது. டெக்சாஸ் கல்லூரிகளின் பிளேட்டுகளை இங்கே பார்க்கலாம். இன்னொன்று 'மை பிளேட்ஸ்' என்ற தனியார் நிறுவனம். அரசோடு ஒப்பந்தம் போட்டு 2009 முதல் விற்று வருகிறது. வெளிமாநிலக் கல்லூரிகளையும், டல்லாஸ் கவ்பாய்ஸ் மாதிரியான விளையாட்டு அணிகளையும் இங்கேதான் தேட வேண்டும். யார் விற்றாலும் பிளேட் அரசாங்க பிளேட்தான், சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. பட்டியல் அவ்வப்போது மாறும். நண்பர் காரில் பார்த்தேன் என்று நம்பிவிடாமல், இன்றைக்கு விற்பனையில் இருக்கிறதா என்று தளத்தைத் திறந்து பாருங்கள்.

டெக்சாஸ் அரசு எப்படி எதிரணிக் கல்லூரியின் பெயரைத் தன் பிளேட்டில் போடுகிறது என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வோர் அக்டோபரிலும் டல்லாஸின் காட்டன் பவுல் மைதானத்தில் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழக ஃபுட்பால் அணிகள் மோதும்போது ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும். இந்த விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை பேசப்பட்டிருக்கிறது. கான்ஃபெடரேட் கொடி (அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்து போன தென்மாநிலங்களின் கொடி) போட்ட பிளேட் ஒன்றுக்கு டெக்சாஸ் அனுமதி மறுத்தது. அந்த வழக்கில் 2015 ஜூனில் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: பிளேட்டில் இருப்பது அரசின் பேச்சு, எதை ஏற்பது, எதை மறுப்பது என்பது அரசின் உரிமை. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோ இந்தக் கல்லூரி பிளேட்டுகளையே உதாரணம் காட்டினார். நோட்ரடேம், ஓக்லஹோமா, ஓக்லஹோமா ஸ்டேட், கேன்சஸ் ஸ்டேட், அயோவா ஸ்டேட் பெயர்கள் டெக்சாஸ் பிளேட்டில் ஓடுகின்றனவே, அப்படியானால் டெக்சாஸ் அரசு தன் சொந்தப் பல்கலைக்கழக அணி தோற்க வேண்டும் என்று விரும்புகிறதா என்று கேட்டார். என்னைக் கேட்டால், அவர் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் இன்றைய சட்டம் பெரும்பான்மைத் தீர்ப்புதான். எந்த வடிவமும் அரசு ஒப்புக்கொண்டால்தான் பிளேட்டாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பணம் யாருக்குப் போகிறது?

வாங்குவதற்கு முன்னால் அவசியம் பார்க்க வேண்டியது இதுதான். விளக்கப் பக்கங்கள் பலவும் இதைத் தொடாமலே போய்விடுகின்றன.

டிஎம்வி நேரடியாகத் தரும் டெக்சாஸ் கல்லூரி பிளேட்டுக்கு வழக்கமான ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 30 டாலர். அதில் 22 டாலர் அந்தக் கல்லூரிக்கே போகிறது. மாணவர்களின் உதவித்தொகைக்காக ஒதுக்கப்படும் பணம் அது. மை பிளேட்ஸ் வழியாக வாங்கும்போது கணக்கு வேறு. நீங்கள் கட்டுவதில் ஒரு பங்கு டெக்சாஸின் பொதுக் கருவூலத்துக்கும் ஒரு பங்கு நிறுவனத்துக்கும் போகிறது. 22 டாலர் கணக்கு இங்கே பொருந்தாது.

ஆகவே வெளிமாநிலக் கல்லூரி பிளேட்டைக் கல்லூரிக்குத் தரும் நன்கொடையாக நினைக்காதீர்கள். பாசத்துக்காக வாங்குங்கள், அதில் தவறே இல்லை. கல்லூரிக்கு உதவ வேண்டும் என்ற எண்ணமும் இருந்தால், அங்கே உள்ள உதவித்தொகை நிதிக்குத் தனியாக ஒரு தொகை அனுப்புங்கள். நம்மில் எத்தனையோ பேர் அசிஸ்டன்ட்ஷிப் (பல்கலைக்கழகத்தில் உதவியாளர் வேலை) கிடைத்ததால்தான் படிப்பை முடித்தோம். அடுத்து வரும் பிள்ளைக்கு அந்தப் பணம் நேராகப் போய்ச் சேரட்டும்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அங்கத்திய விதியைப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, வர்ஜீனியாவில் புதிய சிறப்பு பிளேட் ஒன்று வர வேண்டுமென்றால் முன்பணம் கட்டிய 450 விண்ணப்பங்கள் வேண்டும். பணப் பகிர்வு உள்ள பிளேட்டுகளுக்கு ஆண்டுக்கு 25 டாலர் கூடுதல். முதல் 1,000 பிளேட் தாண்டிய பிறகு, ஒவ்வொன்றுக்கும் 15 டாலர் உரிய அமைப்புக்குப் போகும்.

எண்ணைத் தேர்ந்தெடுப்பது

அரசே ஒதுக்கும் எண் போதுமென்றால் செலவு குறைவு. சொந்தமாக எழுத்து வேண்டுமென்றால் கூடும். எழுத்தும் எண்ணும் சேர்த்து அதிகபட்சம் 7, சில வடிவங்களில் அதைவிடக் குறைவு. கார்த்திக் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக 7 எழுத்து. கார்த்திகேயனுக்கு இடம் போதாது. கேட்ட எழுத்து வேறு யாரிடமும் இல்லையா என்று தளமே காட்டிவிடும். அதன் பிறகும் அரசு பரிசீலிக்கும், ஆபாசமாகவோ அநாகரிகமாகவோ தோன்றினால் மறுத்துவிடும்.

ஓராண்டுக்கு வாங்கலாம், பல ஆண்டுக்குச் சேர்த்தும் வாங்கலாம். பல ஆண்டு என்றால் ஆண்டுக் கணக்கில் மலிவு. ஆனால் விசா, வேலை மாற்றம் என்று எப்போது மாநிலம் மாறுவோம் என்று தெரியாத நிலையில் இருப்பவர்களுக்கு ஓராண்டுதான் சரி.

ஆர்டர், பிறகு காத்திருப்பு

தளத்தில் பணம் கட்டி ரசீதைச் சேமித்து வையுங்கள். டெக்சாஸ் பிளேட்டுகள் ஹன்ட்ஸ்வில் ஊரில் உள்ள வின் சிறைச்சாலையில் கைதிகளின் உழைப்பில் தயாராகின்றன. பிளேட் நேராக உங்கள் வீட்டுக்கு வராது, உங்கள் கவுண்டியின் (மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பகுதி) வரி அலுவலகத்துக்கு வரும். வந்தவுடன் தகவல் அனுப்புவார்கள்.

போகும்போது அந்தத் தகவல், அடையாள அட்டை, கார் இன்சூரன்ஸ் விவரம், ரெஜிஸ்ட்ரேஷன் தாள் எல்லாம் எடுத்துப் போங்கள். பழைய பிளேட்டுகளையும் கழற்றிக் கொண்டுபோய்விட்டால் இரண்டாவது நடை மிச்சம். புதிய எண் போட்ட ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கரையும் மறக்காமல் வாங்குங்கள். அது முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டியது.

மாட்டிய அன்றே செய்ய வேண்டியவை

டெக்சாஸில் முன்னாலும் பின்னாலும் இரண்டு பிளேட்டும் வேண்டும். அழகுக்காக ஃப்ரேம் போடுபவர்கள் கவனியுங்கள்: எண்ணையோ எழுத்தையோ மறைக்கக் கூடாது, மாநிலத்தின் பெயரில் பாதியோ அதற்கு மேலோ மறைந்தாலும் குற்றம்.

அப்புறம் டோல் (சாலைச் சுங்கம்) கணக்கு. டல்லாஸ் பக்கம் டோல்டேக், ஹூஸ்டன் பக்கம் ஈஸி டேக் எது வைத்திருந்தாலும் அன்றைக்கே உள்ளே போய்ப் புதிய எண்ணைச் சேருங்கள். டேகை இயந்திரம் படிக்காத நாளில் கேமரா நம்பர் பிளேட்டைத்தான் படமெடுக்கும். அந்த எண் கணக்கில் இல்லையென்றால் கூடுதல் கட்டணத்தோடு பில் வீட்டுக்கு வரும். அபார்ட்மென்டில் இருப்பவர்கள் பார்க்கிங் பெர்மிட்டில் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் காலையில் கார் இருக்காது, இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

காரை விற்றால்?

சிறப்பு பிளேட் உங்களுடையது, காரோடு போகாது. விற்கும்போது கழற்றி வைத்துக்கொண்டு, அடுத்த காரை வாங்கியதும் வரி அலுவலகத்தில் சொல்லி அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றம் பதிவாகும் வரை புதிய காரில் மாட்டக் கூடாது. டெக்சாஸை விட்டே போகிறீர்கள் என்றால் புதிய மாநிலத்தில் பதிவு செய்ததும் இந்த பிளேட் செல்லாது. அங்கே உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலிருந்து பார்க்க வேண்டும்.