அம்மாவுக்கு ஆயுஷ்மான் கார்டு: பத்து நிமிட வேலைக்கு ஒன்றரை நாள்

காரைக்காலில் இருக்கும் அம்மாவுக்கு வயது 74. 70 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை தரும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் 'வய வந்தனா' கார்டு 2024 அக்டோபர் 29 அன்று வந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது செல்போனிலேயே எடுத்துக் கொடுத்தேன்.

தேவை ஆதார் மட்டும்தான். வயதையும் அதை வைத்தே பார்ப்பார்கள். மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்திலோ முன்னாள் படைவீரர் திட்டத்திலோ இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். தனியார் பாலிசி இருந்தால் பரவாயில்லை.

படி 1: பிளே ஸ்டோரில் தேசிய சுகாதார ஆணையத்தின் ஆயுஷ்மான் செயலி. அதே பெயரில் வேறு சிலதும் வரும், தொடாதீர்கள்.

படி 2: 'பெனிஃபிஷியரி' என்று தேர்ந்து, செல் நம்பர், ஓடிபி கொடுத்து உள்ளே போங்கள். உங்கள் வீட்டு நம்பரையே கொடுங்கள், கடைக்காரர் நம்பர் வேண்டாம். ஆயுஷ்மான் திட்டம் பற்றி 2023-ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கை அறிக்கையைப் படித்திருப்பீர்கள்: 9999999999 என்ற ஒரே எண்ணில் ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகள்! அப்படிப் பதிந்திருந்தால், உங்கள் கார்டில் யாராவது கை வைத்தாலும் உங்களுக்கு ஒரு குறுஞ்செய்திகூட வராது.

படி 3: 70 வயதுப் பதிவைத் தொட்டு ஆதார் எண். இப்போது ஆளைச் சரிபார்க்க ஓடிபி, கைரேகை, கருவிழி, முகம் என்று வழிகள் வரும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஆதாரில் இருந்தது அப்பாவின் பழைய நம்பர், அந்த சிம் எப்போதோ போயிற்று. கைரேகை இயந்திரம் உள்ள கடைக்குப் போனோம். ஐம்பது வருடம் பாத்திரம் தேய்த்த விரல், ஒன்றுகூடப் பதியவில்லை. மிச்சம் இருந்தது முகம். அதற்கு 'ஆதார் ஃபேஸ் ஆர்டி' என்று இன்னொரு செயலி வேண்டும். இறக்கினேன், திரையில் ஐகானே இல்லை. இறங்கவில்லை போலிருக்கிறது என்று மூன்று முறை அழித்து அழித்து ஏற்றினேன். அதற்கு ஐகான் கிடையாதாம்! இறக்கிவிட்டு ஆயுஷ்மான் செயலிக்குத் திரும்பினால் அதுவே கேமராவைத் திறக்கும். வெளிச்சம் முகத்தில் விழட்டும், கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள், சொல்லும்போது கண் சிமிட்ட வேண்டும். அம்மா "போட்டோ எடுக்கறப்ப யாராவது கண்ணை மூடுவாங்களாடா?" என்று விழித்தபடியே இருந்ததில் நான்கு முறை தோல்வி. போட்டோவைக் காட்டி ஏமாற்ற முடியாதபடிதான் இந்தச் சிமிட்டல் என்று சொன்ன பிறகு சிமிட்டினார்.

படி 4: நேரடிப் புகைப்படம், பின்கோடு, குடும்ப விவரம், உறுதிமொழி. சமர்ப்பித்து அரை மணியில் கார்டு வந்தது. இறக்கி வையுங்கள், அவ்வளவுதான்.

லேமினேஷன், பிளாஸ்டிக் கார்டுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏழைக் குடும்பங்களுக்கு முன்பு இருந்த ஆர்எஸ்பிஒய் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிப் வைத்த கார்டு இருந்தது. இங்கே பாதுகாப்பு பிளாஸ்டிக்கில் இல்லை, ஆளைச் சரிபார்ப்பதில் இருக்கிறது. போனில் பிடிஎஃப் போதும். சந்தேகம் என்றால் 14555.

பின்சேர்க்கை: கார்டு இருந்தும் டிஸ்சார்ஜில் இரண்டு மணி நேரம் காத்திருந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். சேரும்போது ஆரோக்கிய மித்ரா (மருத்துவமனையில் இந்தத் திட்டத்துக்கென இருக்கும் உதவியாளர்) மேசையில் ஆளைச் சரிபார்ப்பது போலவே, வீட்டுக்குப் போகும்போதும் சரிபார்ப்பார்கள். வராத நோயாளிக்குப் பில் போடுவதைத் தடுக்கத்தான் இது. அவரோ நோயாளியான தன் அப்பாவை முன்னாலேயே ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மேசை வேலை முடிந்த பிறகு ஆட்டோ பிடியுங்கள்.