எஞ்சின் நம்பர் மேல் கிரைண்டரை வைக்காதீர்கள்

கீழக்கரையிலோ மண்டபத்திலோ கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடக்கும் ஒரு அம்பாசடரையோ பத்மினியையோ வாங்கப் போகிறீர்கள் என்றால், பானெட்டைத் தூக்கியதும் எஞ்சின் நம்பர் பளிச்சென்று கண்ணில் படும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. இரும்பில் லேசாகக் குத்திய எழுத்து எம்மாத்திரம்?

நான் செய்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் ஒரு பழைய அம்பாசடர், எஞ்சினின் இரும்பு உடம்பான பிளாக்கில் துரு அடை அடையாகப் பிடித்திருந்தது, பொறுமையில்லாமல் கிரைண்டரில் வயர் பிரஷை மாட்டி ஓட்டினேன். துரு போனது. கூடவே கடைசி இரண்டு எண்களும் போயின. அப்புறம் அந்த இடத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் யாரோ வேண்டுமென்றே ராவிய மாதிரிதான் தெரிந்தது, யாரிடம் போய் என்ன விளக்கம் சொல்வது?

கிரைண்டருக்குப் பதில், மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு ராத்திரி எண் இருக்கும் இடத்தின் மேல் போட்டு ஊறவிடுங்கள். மறுநாள் பழைய பல் பிரஷால் தேய்த்தாலே பாதி அழுக்கு கழன்றுவிடும், அதற்கும் மசியாவிட்டால் பித்தளை பிரஷால் லேசாக. உப்புத்தாள் வேண்டாம், ஆசிட் வேண்டாம், குத்துவிளக்குக்குப் போடுகிற புளியும் வேண்டாம். பிறகு சாக்பீஸைத் தேய்த்து மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், நிழல் விழுந்தால்தான் 3 எது 8 எது என்று பிரியும். மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்தும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், சேஸ் நம்பருக்கு (வண்டியின் அடிச்சட்டத்தில் உள்ள எண்) இன்ஷூரன்ஸ்காரர்கள் எடுக்கிற அதே பென்சில் பிரிண்ட்தான். துணி போடுவதற்கு முன்பே ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பின்னால் பேச்சுக்கு இடமிருக்காது.

அடுத்த தவறு, கண்ணில் பட்ட முதல் எண்ணையே எஞ்சின் நம்பர் என்று குறித்துக்கொண்டு வருவது. மேடாகப் புடைத்து நிற்பது வார்ப்பு எண்; ஒரே அச்சில் வார்த்த பிளாக் அத்தனைக்கும் அதுதான். உங்களுக்கு வேண்டியது தனியாகக் குத்தி வைத்த எண். அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி செய்த பி-சீரிஸ் குடும்பம். அந்தக் குடும்பத்தில் பிறந்த இங்கிலாந்து எம்.ஜி. கார்களில் நம்பரைச் சின்னத் தகட்டில் அடித்து பிளாக்கில் ரிவெட் போட்டிருப்பார்கள். தகடு என்றால் கழற்றி இன்னொன்றில் மாட்டவும் முடியும், அதனால் ரிவெட் புதுசாக மின்னினால் கொஞ்சம் யோசியுங்கள்.

பழைய வண்டி எஞ்சினில் 17 எழுத்தைத் தேடுகிறவர்களும் உண்டு. அது பின்னாளில் வந்த சேஸ் நம்பர் கணக்கு. எஞ்சின் நம்பருக்கு அப்படிப் பொதுவான நீளம் கிடையாது.

சரி, எண்ணைப் படித்தாகிவிட்டது, ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகவில்லை. உடனே திருட்டு வண்டி என்று ஓட வேண்டாம். பூஜ்யத்துக்குப் பதில் ஓ விழுந்திருக்கலாம், முன்னால் இருக்கும் எழுத்துகள் விட்டுப்போயிருக்கலாம். பெட்ரோலைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை இறக்கிய அம்பாசடர்கள் கணக்கில்லை, ஆகவே ஆர்.சி.யில் எரிபொருள் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் இருந்தால் அதை முடித்துக் கொடுக்கச் சொல்லி விற்கிறவரிடமே கேளுங்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். ‘பட்டறையில் நம்பர் குத்துகிற பன்ச் இருக்கிறது, ஆர்.சி.யில் உள்ளபடியே அடித்துவிடலாம் அண்ணே’ என்று யாராவது சொன்னால் அந்த வண்டியே வேண்டாம், குற்ற வழக்கில் போய் நிற்பீர்கள்.

வின்டேஜ் பதிவு எடுக்கிற யோசனை இருந்தால் இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். 2021இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள நம்பர் கிடைக்கும், ஆனால் எஞ்சினோ சேஸோ பாடியோ பெரிதாக மாறியிருக்கக் கூடாது. அறுபதுகளின் அம்பாசடருக்குள் தொண்ணூறுகளின் இசுசு எஞ்சின் உட்கார்ந்திருந்தால், வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்த நம்பர் கிடைக்காது.