துருக்கி மொழியில் பிறவினை: 'ஊட்டு' தெரிந்தால் போதும்

ஆங்கிலம் வழியாகத் துருக்கி மொழி படித்தால் வேற்றுமை உருபுகள் மிரட்டும். தமிழிலிருந்து போனால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்த மாதிரி.

படி 1: உருபை ஒட்டுங்கள்

எவ் என்றால் வீடு. எவி – வீட்டை, எவெ – வீட்டுக்கு, எவ்தெ – வீட்டில், எவ்தென் – வீட்டிலிருந்து, எவின் – வீட்டின் (ஆமாம், அதே 'இன்', தற்செயல்தான்). சொல்லின் கடைசி உயிரைப் பார்த்து உருபின் உயிரும் மாறும்: ஒகுல் (பள்ளி) என்றால் ஒகுலா, ஒகுல்தா, ஒகுல்தான். 'பால் குடித்தான்', 'பாலைக் குடித்தான்' என்ற நம் வேறுபாடுகூட அங்கே உண்டு: ஸுத் இச்தி, ஸுத்து இச்தி. இந்த 'ஸு'வுக்கு உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஸி' சொல்லுங்கள்.

படி 2: பிறவினை ஆக்குங்கள்

பெரும்பாலும் 'திர்' அல்லது அதன் உயிர் மாறிய வடிவம்: குல் (சிரி), குல்துர் (சிரிக்க வை). உயிரில் முடியும் வினைக்கு வெறும் 'த்': அன்லா (புரிந்துகொள்), அன்லாத் (விளக்கு). சில குட்டி வினைகளுக்கு 'இர்': இச் (குடி), இச்சிர் (குடிக்க வை). இந்தக் கடைசி வகையை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாகவும் அடுக்கலாம்: பிஷ் – வேகு, பிஷிர் – சமை, பிஷிர்த் – வேறு ஆளைச் சமைக்க வை.

படி 3: ஆளுக்கு எந்த உருபு?

சிக்கல் இங்கேதான். 'அலியைச் சிரிக்க வைத்தேன்' என்றால் அலியி குல்துர்தும். சரி, 'அலியைப் பால் குடிக்க வைத்தேன்'? கை தானாக 'அலியி' என்று எழுதும். தவறு. அலியெ ஸுத் இச்சிர்திம், அதாவது 'அலிக்கு'. செயப்படுபொருள் இடத்தைப் பால் பிடித்துக்கொண்டதால், குடிக்கிறவர் நான்காம் வேற்றுமைக்கு நகர்ந்துவிடுகிறார்.

இது நமக்குப் புதிதல்ல. உண் என்பதன் பிறவினை ஊட்டு. குழந்தைக்குச் சோறு ஊட்டினேன் என்றுதானே சொல்கிறோம்? காண், காட்டு ஜோடியும் அப்படித்தான்: அவனுக்குப் படம் காட்டினேன். 'வைத்தேன்' குழப்பும்போது மனதில் 'ஊட்டினேன்' போட்டுப் பாருங்கள், உருபு தானாக வரும்.

படி 4: முடி வெட்டப் போங்கள்

சலூனுக்குப் போய் வந்தாலும் நாம் 'முடி வெட்டினேன்' என்போம். துருக்கியில் அதையே 'சாச்சுமு கெஸ்திம்' என்றால் கத்தரிக்கோல் உங்கள் கையில் இருந்தது என்று பொருள். (இந்த 'மு' நம் 'காசு'வின் கடைசி உகரம் போல ஒலிக்கும்.) சாச்சுமு பெர்பெரெ கெஸ்திர்திம் என்று சொல்லுங்கள். பெர்பெர் முடிதிருத்துபவர், அவருக்கும் 'கு'தான். இல்லாவிட்டால் கேட்பவர் உங்கள் பின்னந்தலையை ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.