அரசியல்வாதியின் பேச்சைப் பற்றி வாதாடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ம.இ.கா. என்னும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர்களாக இருந்த துன் சம்பந்தனும் சாமிவேலுவும் நின்று வென்ற தொகுதி, மலேசியாவில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட். இங்கே ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் அரசியல் பேசாமல் எழுந்திருக்க முடியாது. தோட்ட மக்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். இப்போது அந்த வேலைக்கு வரும் இளையவர்கள், எங்கள் தலைமுறை தோற்ற அதே இடத்தில் தோற்பதைப் பார்க்கிறேன். முழுக் காணொலியையும் பார், தேதியைச் சரிபார் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பேசியவரை விட்டுவிட்டுப் பத்திரிகையைப் பிடித்துக்கொள்வது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. வேறொரு மாவட்டத்தில் ஒரு செம்பனைத் தோட்டம் கைமாறியது. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்துவிட்டது. வீடு கேட்டு மனுக் கொடுத்தவர்களை, இலவசத்துக்குப் பழகிப்போனவர்கள் என்ற பொருள்பட அரசியல்வாதி ஒருவர் பேசினார். மறுநாள் அது செய்தியானது. "பத்திரிகை திரித்துவிட்டது" என்றார் அவர். உண்மையில் என்ன பேசினார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. அவரும் வந்திருந்தார். நம் ஆட்களோ அந்தப் பத்திரிகை யாருடையது, ஆசிரியர் எந்தக் கட்சிக்காரர் என்று இரண்டு அணியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டைப் பற்றி அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஊடகங்களை நம்பாதீர்கள் என்று நமக்கே அறிவுரை சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். கெடு முடிந்ததும் குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் வாடகை வீடு தேடிச் சிதறின.

ஊடகம் சாய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. உத்துசான் என்ற மலாய்ப் பத்திரிகை மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் கையிலும், ஸ்டார் என்ற ஆங்கிலப் பத்திரிகை சீனர் கட்சியான ம.சீ.ச.வின் கையிலும், 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் அதன் கடைசிக் காலத்தில் ம.இ.கா. முன்னாள் தலைவரின் குடும்பத்திடமும் இருந்ததை நாடே அறியும். எந்தச் செய்தி முதல் பக்கத்துக்கு ஏறியது, எது உள்ளே புதைந்தது என்பதை அதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒருவர் ஒன்றைச் சொன்னாரா இல்லையா என்பதற்கு அது சான்றாகாது. சாய்வுள்ள பத்திரிகையும் சொன்னதைச் சொன்னபடியே போட்டிருக்கலாம்.

ஆகவே, திரித்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னால் உடனே கேளுங்கள்: எந்த வரியை? அப்படியானால் நீங்கள் சொன்னது என்ன? அடுத்து, உங்கள் கோரிக்கைக்கு வாருங்கள். 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், தொழிலாளி வேலையில் இருக்கும்போது தங்கும் வீட்டின் தரத்தைப் பற்றித்தான் பேசுகிறது. வேலை போனபின் அவர் எங்கே போவார்? அன்று அந்த மண்டபத்தில் எழ வேண்டியிருந்த கேள்வி இதுதான். இதற்குப் பதில் சொல்லாமல் அவரைக் காரில் ஏற விட்டிருக்கக் கூடாது.

நாடாளுமன்றப் பேச்சுக்குச் செய்தித் துணுக்கைக் காட்டுவது

அவையில் பேசியதெல்லாம் ஹன்சார்ட் என்னும் நாடாளுமன்றப் பேச்சுப் பதிவேட்டில் இருக்கிறது. நாடாளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பெரும்பகுதி மலாயில் இருக்கும். அது நம் பிள்ளைகளுக்குத் தடையே இல்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேசையில் வையுங்கள். கட்சி விருந்தில் பேசியது அதில் வராது. அதற்கு முழு ஒலிப்பதிவைத்தான் தேட வேண்டும்.

உங்களுக்குப் பிடித்த பத்திரிகைக்கு வேறு அளவுகோல் வைப்பது

கூடாது.

பேசியவரை விட்டு அவருடைய இனத்தைத் திட்டுவது

பேச்சு அங்கே திரும்பினால் எழுந்துவிடுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில், இணையத்தில் தகாததைப் பரப்புவதைக் குற்றமாக்கும் 233ஆவது பிரிவு, குழுவில் போடும் குரல்பதிவு வரைக்கும் பாயும்.